மல்லாட்டைக் கொல்லையில் கடிக்கும் பூச்சிகள்: எதற்குக் கைவைத்தியம், எதற்கு மருத்துவமனை?

'மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. ராத்திரி தூக்கம் இல்லை. என்ன பூசிக்கொண்டு போனால் பூச்சி அண்டாது? கடித்த இடத்தில் என்ன தடவலாம்? வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே செய்வதாகச் சொல்லுங்கள்.'

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. வழக்கமாகக் கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடித்திருப்போம். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் இன்னொரு வரி இருந்தது. 'போன கார்த்திகையில் என் அண்ணி காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். அதிலிருந்து பெண்கள் கொல்லைக்குப் போகவே பயப்படுகிறார்கள்.' காய்ச்சலையும் பூச்சியையும் அவரே முடிச்சுப் போட்டாரா, இல்லை இரண்டையும் தனித்தனியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி நெருங்கும்போதே ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தெரிய ஆரம்பித்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கோட்டை சேர்ந்த பிறகு வெளியூர் வண்டிகள் கூடியிருக்கின்றன. ஆனால் மலையடிவாரத்துக் கொல்லைகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆடிப்பட்டத்து மல்லாட்டை அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் செடியைப் பிடுங்கிப் போட, பெண்கள் வரப்பில் குந்தி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வரப்பை ஒட்டி முழங்கால் உயரத்துக்குப் புல், அதற்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் புதர், புதரின் அடியில் எலி வளைகள்.

அண்ணியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"காய்ச்சல் வந்தப்ப மாத்திரை வாங்கிப் போட்டேன். விட்டு விட்டு வந்துச்சி. அப்புறம் ஒரு எடத்துல காட்டுனோம், டைபாய்டுன்னு சொல்லி ஊசி போட்டாங்க. ஒம்பது நாள் ஆச்சி. தலைய தூக்க முடியல, மூச்சு வாங்குது. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அங்க ஒரு நர்சம்மாதான் கேட்டுச்சி, 'உடம்புல எங்கியாவது கருப்பா பொருக்கு இருக்காம்மா'ன்னு. இடுப்புல இருந்துச்சி. பாவாடை நாடா அறுத்த புண்ணுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். வலியே இல்ல தம்பி. வலி இருந்தா சொல்லியிருப்பேன். இடுப்புல இருக்கறத யாருகிட்ட போயி காட்டறது?"

அவருக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்பார்கள். அந்தப் பொருக்கைப் பார்த்த பிறகு கொடுத்த மாத்திரையில் இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியிருக்கிறது.

கடித்ததே தெரியாத பூச்சி

உண்ணி என்றதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு குண்டாக இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. சிலந்தி, உண்ணி வகையறாவைச் சேர்ந்த மிகப் பொடியான சிற்றுண்ணி. அதிலும் கடிப்பது அதன் குஞ்சு மட்டும்தான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு செம்மண் துகள்போலத் தெரிந்தாலே அதிசயம். வளர்ந்த சிற்றுண்ணி மண்ணுக்குள் சின்னப் பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழ்கிறது. அது நம் பக்கமே வராது.

குஞ்சுக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு ஒரு உயிரின் உடம்பிலிருந்து வேண்டும். அதற்காகப் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். பெரும்பாலும் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவற்றின் காதில் போய் ஒட்டும். நாம் அந்தப் புல்லில் உட்கார்ந்தால் நம்மேல் ஏறும். ஏறிய உடனே கடிக்காது. தோல் மெலிசாக, ஈரமாக, துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடமாகத் தேடி ஊர்ந்து போகும். அதனால்தான் இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடிப்பக்கம், முழங்கால் மடிப்பு போன்ற இடங்களிலேயே இந்தக் கடி அதிகம். ரத்தம் உறிஞ்சுவதில்லை. எச்சிலை விட்டுத் தோலைக் கரைத்துக் குடிக்கும். அந்த எச்சிலோடுதான் நோய்க்கிருமி உள்ளே போகிறது. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஆகவே எலியை ஒழித்தால் எல்லாம் ஒழிந்தது என்று கணக்குப் போட முடியாது.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடுமையான தலைவலி, உடம்புவலி, சிலருக்கு இருமல், வாந்தி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல வட்டமாக, நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவப்புமாக ஒரு புண். அரிப்பு இருக்காது, வலியும் இருக்காது. எல்லாருக்கும் இந்தப் புண் வரும் என்றும் இல்லை. நம் பக்கத்து நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தென்படுவதில்லை. கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். உயிரும் போகும்.

'எங்கள் பக்கத்தில் இதெல்லாம் இல்லை' என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32,000 பேருக்கு மேல் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2025ல் முடிவு வெளிவந்தது. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பலருக்கு ஒன்றும் செய்யாமலே போய்விடுகிறது, சிலருக்கு மருத்துவமனை, அதிலும் சிலருக்கு மரணம். 2024 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் எச்சரிக்கை விட்டது. அதில் செஞ்சிக்கு அடுத்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டமும் இருந்தது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்கள்தான் இதற்குப் பருவம். நமக்கு அப்போதுதான் மல்லாட்டை அறுவடை, சம்பா களை, வரப்பில் புல் அறுப்பு எல்லாம்.

பூசுவதைவிடக் குளிப்பது பெரிது

வாசகர் கேட்ட முதல் கேள்விக்கு வருவோம். எதைப் பூசுவது?

கொசுவுக்கு என்றால் வேப்பெண்ணெய் நல்ல பதில். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் 1993ல் வெளியிட்ட ஆய்வில் இந்த அளவுக்கே மலேரியாக் கொசு 12 மணி நேரம் வரை அண்டவில்லை என்று கண்டார்கள். ஆனால் அது ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பார்த்தது. வெயிலில் வியர்த்துக் கொட்ட வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். 'கொஞ்சத்துக்கே இவ்வளவு என்றால் நிறைய ஊற்றினால்?' என்று சிலர் வேப்பெண்ணெயை அப்படியே தேய்த்துக்கொள்கிறார்கள். தோல் எரிந்து, பிறகு எந்த எண்ணெயையும் பூச முடியாமல் போகும். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். வாயில் போகவே கூடாது.

சிற்றுண்ணிக்கு எண்ணெயை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதைத் தடுப்பது உடுப்பும் சோப்பும்தான். ஏறியதும் கடிக்காமல் இடம் தேடி ஊர்கிறது என்று சொன்னோம் இல்லையா, அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. கொல்லையிலிருந்து வந்ததும் டீ குடித்து, திண்ணையில் சாய்ந்து, சமையலை முடித்து, இரவில் குளிக்கலாம் என்று தள்ளாமல், நேராகப் போய் சோப்புப் போட்டு, துணியால் தேய்த்துக் குளித்துவிட்டால் பெரும்பாலானவை கழுவிக்கொண்டு போய்விடும். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை மறக்காமல் தேய்க்க வேண்டும். உடுத்திய துணியைத் திரும்ப உடுத்தாமல் வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள்.

இதில் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து வந்ததும் ஆண் நேராகக் குளியலுக்குப் போகிறார், பெண் நேராக அடுப்புக்குப் போகிறார். அண்ணி வீட்டிலும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை யாராவது பார்த்துக்கொண்டால் போதும்.

துவைத்த துணியைப் புல்மேலும் புதர்மேலும் விரித்துக் காயப்போடும் பழக்கம் நம் கிராமங்களில் எல்லா இடத்திலும் இருக்கிறது. சிற்றுண்ணியை நாமே பாவாடைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அது. கொடியில் போடுங்கள். வரப்பில் காய் ஆயும்போது வெறும் புல்லில் உட்காராமல் தார்ப்பாயோ உரச்சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள்; வேலை முடிந்ததும் சாக்கை உதறி வெயிலில் போடுங்கள். சேலைமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது பெண்கள் தாமாகக் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு. அதோடு சேலைக்குள் ஒரு கால்சட்டை, கணுக்காலில் ஒரு கயிற்றுக் கட்டு இருந்தால் புல்லிலிருந்து ஏறும் வழி அடைபடும். வீட்டை ஒட்டிய புதரையும் விறகுக் குவியலையும் அகற்றினால் எலியும் விலகும். காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கும், பாக்கம் மலைப் பக்கம் ஆடு ஓட்டுகிறவர்களுக்கும், விறகு பொறுக்குகிறவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

புகையும் நொச்சியும்

கோட்டைக்கும் காய்ச்சலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார்கள். 1761ல் ஆங்கிலேயரிடம் விடும்வரை அவர்கள் இங்கே ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் வைத்ததில்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கர்நாடகத்துக் கோட்டைகளிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று இதற்குப் பேர். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதே 1897ல் ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்த பிறகுதானே தெரிந்தது. அதுவரை 'மலைக்காற்று ஆகாது' என்று சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது அந்தி நேரத்தில் வயலில் கடிக்கும் கொசுவில் கவலைப்பட வேண்டியது மூளைக்காய்ச்சல் கொசு. நெல் வயலில் தேங்கிய தண்ணீரில்தான் அது பெருகுகிறது. இந்தியாவில் இந்த நோய் 1955ல் முதலில் அடையாளம் காணப்பட்டதே வேலூர்ப் பக்கத்தில்தான். நெல்லுக்குத் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுகிறவர்களின் வயலில் கொசுப் புழு காய்ந்து சாகும். பயிருக்குக் காய்ச்சல் வந்தால் நமக்குக் காய்ச்சல் வராது என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நொச்சி, வேப்பிலை, தும்பை மூட்டம் மாட்டுக் கொட்டகைக்கு மிகவும் நல்லது. காய்ந்த இலைமேல் பச்சை இலையைப் போட்டு, காற்று வரும் பக்கம் வைத்தால் கொசுவும் மாட்டு ஈயும் விலகும். அதே மூட்டத்தைப் படுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திப் போடாதீர்கள். கொசுவுக்கு முன்னால் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் அது பிடிக்கும். 'வாசலில் நொச்சி நட்டால் கொசு வராதா?' என்று பலர் கேட்கிறார்கள். சென்னை மாநகராட்சிகூட முன்பு நொச்சிக் கன்றுகளை வீடு வீடாகக் கொடுத்தது. சும்மா நிற்கும் செடி எதையும் விரட்டாது. இலையைக் கசக்கும்போதும் புகைக்கும்போதும்தான் அதன் எண்ணெய் வெளியே வருகிறது. நடுங்கள், ஆனால் நட்டுவிட்டுக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.

கடித்த பிறகு

எறும்பு, கொசு, கம்பளிப்பூச்சி போன்ற அரிக்கும் கடிகளுக்கு முதல் வைத்தியம் குளிர்ந்த தண்ணீர். சோப்புப் போட்டுக் கழுவி, பானைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் பாதி அரிப்பு அடங்கிவிடும். அதன்பின் சோற்றுக்கற்றாழையின் சோறு, அல்லது ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்த பற்று. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுவதும், குப்பைமேனிச் சாறும் நம் வீடுகளில் காலம் காலமாக இருப்பவை; தோல் கிழியாத இடத்தில் போடலாம். கம்பளிப்பூச்சி என்றால் முதலில் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை ஒத்தி ஒத்தி முடியை எடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். எதுவானாலும் சொறிவதுதான் கெடுதல். நகத்து அழுக்கால் சீழ் வைத்து, சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் அது பெரும் புண்ணாகிவிடும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். நகத்தாலோ கத்தி முதுகாலோ எப்படியாவது உடனே எடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில் இன்னும் விஷம் இறங்கும். அந்தக் கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனைபோல ஒன்று கிளம்பி மற்ற தேனீக்களை அழைக்கும் என்பதால், மலைத்தேனீ கூட்டுக்குப் பக்கத்தில் கொட்டு வாங்கினால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுவதே வழி. கிணற்றில் குதிக்காதீர்கள், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளவி, கதண்டு கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறுவது, உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பற்றுப் போட்டுக்கொண்டு நிற்காமல் 108. அதற்குக் கைவைத்தியம் கிடையாது, அட்ரினலின் ஊசிதான். பத்து இருபது கொட்டு வாங்கிய குழந்தையையும், முதியவரையும் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

மண்ணெண்ணெய், பீடி நெருப்பு, சாணி, பேட்டரித் தண்ணீர் ஆகியவை கடிவாயில் வேண்டவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் தாங்கும் என்றாலும் அழுந்தத் தேய்த்தால் தோல் வெந்துபோகும்.

வாசகர்கள் இதையொட்டிக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

'மாட்டு உண்ணி காலில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டால் தானே விழுமா?'

விழலாம். ஆனால் துன்புறுத்தினால் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கும். புருவம் எடுக்கும் சாமணத்தால் தோலை ஒட்டி, தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

'தேள் கொட்டினால் புளியங்கொட்டையை உரசி வைக்கிறோம். சரிதானா?'

உரசிச் சூடாக்கி ஒட்டவைப்பதால் விஷம் இறங்காது. கருந்தேள் என்றால் வலியோடு போகும். செந்தேள் சிறியதானாலும் ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும். வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைக் கொண்டே இந்தச் சாவுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்று காட்டினார். அந்த மாத்திரை இருக்கும் மருத்துவமனைக்குப் போகும் நேரம்தான் முக்கியம்.

கடைசியாக, கடிதம் எழுதிய செஞ்சி வாசகருக்கு. உங்கள் வீட்டுப் பெண்கள் கொல்லைக்குப் போகப் பயப்பட வேண்டாம். அறுவடை முடிந்து மூன்று வாரம்வரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் மருந்துக்கடை மாத்திரையில் தள்ளாதீர்கள். குளிக்கும்போது அவரவரே, முதுகுக்கும் இடுப்புக்கும் வீட்டிலுள்ள இன்னொரு பெண்ணும், கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராமச் செவிலியரிடமோ பெண் மருத்துவரிடமோ தனியாகக் காட்டலாம். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் விலை குறைந்த மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்கள், அதனால் கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும், பொருக்கு எதுவும் தெரியாவிட்டாலும், 'பத்து நாளைக்கு முன்னால் மல்லாட்டை பிடுங்கினேன், புல்லில் உட்கார்ந்தேன்' என்று நீங்களாகச் சொல்லுங்கள். அண்ணியிடம் ஒன்பது நாள்வரை யாரும் அதைக் கேட்கவில்லை.